கணவாய்க்குத் தெற்கே வேறு பறவை

பொதிகைச் சாரலின் கதை – 14

கடையம், செல்லம்மாள் பாரதியின் ஊர். 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்த பாரதி இந்த ஊருக்குத்தான் வந்து சேர்ந்தார்; 1920 வரை இங்கே இருந்தார். அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய வறுமையையும் ஊராரோடு இருந்த பிணக்கையும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். இந்தத் தொடருக்கு வேண்டியவர், ஜகதீச சந்திர போஸின் பேருரையை ‘ஜீவ வாக்கு’ என்று தமிழாக்கிய பாரதி. 1917 நவம்பர் 30 அன்று கல்கத்தாவில் தம் ஆய்வு நிலையத்தைத் திறந்துவைத்தபோது போஸ் ஆற்றிய உரை அது. உயிருள்ளது எங்கே முடிகிறது, உயிரற்றது எங்கே தொடங்குகிறது என்பதுதான் போஸின் வாழ்நாள் கேள்வி. 1902-இல் அவர் வெளியிட்ட நூலில் தசை, செடி, உலோகம் மூன்றையும் அருகருகே வைத்து, தூண்டினால் மூன்றிலும் மின்துடிப்பு எழுகிறது, ஓயாமல் தூண்டினால் மூன்றும் களைத்துப்போகின்றன, நஞ்சு பட்டால் மூன்றும் மந்தமாகின்றன என்று காட்டினார். உலோகத்துக்கு உயிர் உண்டென்று இன்று எவரும் ஏற்பதில்லை. செடியின் துடிப்பைப் பற்றி அவர் சொன்னது நின்றுவிட்டது.

தமிழில் இந்தக் கேள்விக்கு மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. தொடுவுணர்வு மட்டும் உள்ள புல்லும் மரமும் முதற்படி. சுவை சேர்ந்தால் நத்தையும் சிப்பியும். மோப்பம் சேர்ந்தால் கறையானும் எறும்பும். பார்வை சேர்ந்தால் நண்டும் தும்பியும். கேள்வி சேர்ந்தால் விலங்குகள். மனம் சேர்ந்தால் மனிதர். இதில் என்னை எப்போதும் நிறுத்தி வைப்பது முதற்படிதான். அசையாத, குரலற்ற செடியைத் தயக்கமின்றி உயிர்களின் வரிசையில் சேர்த்து, அதற்கும் ஓர் அறிவு உண்டு என்று அந்த நூல் சொல்லிவிடுகிறது. அதே மரபியல் இன்னொரு கோடும் கிழிக்கிறது: வெளிப்புறம் வயிரம் பாய்ந்தது புல், உட்புறம் வயிரம் பாய்ந்தது மரம். அந்தக் கணக்கில் பனையும் மூங்கிலும் தென்னையும் புல்லோடு சேர்கின்றன. இன்றைய தாவரவியலும் ஒருவித்திலை என்று அவற்றைப் புல்லின் பக்கத்தில்தான் வைத்திருக்கிறது. தண்டை வெட்டிப் பார்த்தவர்கள் கண்ட உண்மை அது.

இக்கால அறிவியலின் விடைகள் ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் கசிகின்றன. வளர்வது உயிர் என்றால் உப்புப் படிகமும் வளர்கிறது. உண்பதும் கழிப்பதும் உயிர் என்றால் தீயும் அதைச் செய்கிறது. இனம் பெருக்குவது உயிர் என்றால் கோவேறு கழுதை செத்ததாக அல்லவா ஆகும்! வைரஸ் இன்னொரு உயிரணுவுக்குள் புகும்வரை எதுவும் செய்வதில்லை. 1990-களில் நாசா அறிஞர்கள் ஒரு வரையறைக்கு வந்தார்கள்: தன்னைத் தானே நிலைநிறுத்திக்கொண்டு, டார்வின் சொன்ன வழியில் பரிணமிக்கவல்ல வேதி அமைப்பே உயிர். இருப்பவற்றில் இதுதான் உறுதியானது. ஆனால் இதை ஏற்றால் ஒற்றை விலங்கையோ ஒற்றைச் செடியையோ காட்டி உயிர் என்று சொல்ல முடியாது. ஒரு யானை பரிணமிப்பதில்லை. யானைகளின் வம்சம்தான் பரிணமிக்கிறது. உயிர் எது என்று தேடப் போனவர்கள் வம்சம் எது, அதன் எல்லை எது என்ற கேள்வியில் வந்து நிற்கிறார்கள்.

எல்லை சுலபமாகப் பிடிபடாது என்பதற்கு நம் வீட்டு மசாலா டப்பாவிலேயே சாட்சி உண்டு. பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் போடும் கல்பாசி, செடியும் அல்ல, பாசியும் அல்ல. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் பிரிக்க முடியாதபடி சேர்ந்து வாழும் கூட்டு அது. 1860-களின் இறுதியில் சுவிட்சர்லாந்துக்காரர் சிமோன் ஷ்வென்டெனர் இதைச் சொன்னபோது அக்காலத்துக் கல்பாசி வல்லுநர்கள் கொதித்தார்கள். இன்றைய விதிப்படி கல்பாசிக்கு வைக்கப்படும் இனப்பெயர் அதிலுள்ள பூஞ்சையை மட்டுமே குறிக்கும். கூடவே வாழும் பாசிக்குத் தனிப் பெயர். இரண்டு உயிர் சேர்ந்த ஓர் உடலுக்குச் சொந்தப் பெயர் கிடையாது.

குற்றாலத்துக்கு வருவோம். 1830-களின் நடுவில் பாளையங்கோட்டையில் இருந்த கம்பெனி மருத்துவர் ராபர்ட் வைட், குற்றால மலையை அள்ளி அள்ளிச் சேர்த்தார். ஸ்காட்லாந்தில் 1796-இல் பிறந்தவர். 1819-இல் சென்னைக்கு வந்தவர். வாக்கர் ஆர்னட்டோடு சேர்ந்து 1834-இல் தென்னிந்தியத் தாவரங்களின் முதல் பெருந்தொகுப்பை வெளியிட்டார். பிறகு 1838 முதல் 1853 வரை, 2,100-க்கும் மேற்பட்ட படத்தட்டுகளோடு அவருடைய மாபெரும் படநூல் வந்தது. அந்தப் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். பாறை ஈரத்தில் பூக்கும் காட்டுக் காசித்தும்பைகளை எண்ணிப் பாருங்கள். பறித்துத் தாளில் அழுத்தி உலர்த்தினால் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, எது எந்த இதழ் என்று தெரியாமல் போய்விடும். பூ வாடுமுன் பிரித்து, ஒவ்வோர் உறுப்பாக வரைந்து வைக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை இல்லாமல் பல இனங்களின் விவரணை நின்றிருக்காது. 1853-இல் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரைச் சூட்டினார்: கோவிந்தூயியா.

அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை. வைட் புதியது என்று நினைத்த அந்தச் செடி, லிண்ட்லி 1833-இலேயே பெயரிட்டிருந்த டிரோபிடியா பேரினத்தைச் சேர்ந்தது என்று பின்வந்தவர்கள் முடிவு செய்தார்கள். முந்திய பெயருக்கே முதலுரிமை என்பது விதி. ஆகவே கோவிந்துவின் பெயர் இணைப்பெயர்ப் பட்டியலுக்குள் போய்விட்டது. விதி நியாயமானதுதான். ஆனாலும் இந்த மலைகளின் செடிகளைத் தன் கண்ணாலும் விரலாலும் உலகுக்குக் காட்டிய கலைஞனுக்கு அறிவியல் கொடுத்த ஒரே நினைவுச்சின்னம் அது என்பதை எண்ணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வைட் காலத்தில் ஓர் இனத்தின் எல்லையை முடிவு செய்தது பழகிய கண். 1686-இல் ஜான் ரே, ஒரே விதை வழியில் வந்தவை எல்லாம் ஓர் இனம் என்றார். 1753-இல் லின்னேயஸ் இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டினார். வாழைக்கும் ஓர் இனப்பெயர் வைத்தார். கடையம் பக்கத்து வாழைத் தோட்டக்காரரிடம் ரேயின் வரையறையைச் சொன்னால் விதை எங்கே என்று கேட்பார். இங்கே வாழை கன்றால் வருகிறது. நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவை இரண்டு காட்டு இனங்களின் கலப்பு என்பது 20-ஆம் நூற்றாண்டில் தெளிவானது. லின்னேயஸ் இனம் என்று பெயரிட்டது ஓர் இனமே அல்ல. 1859-இல் டார்வின், எல்லா இயற்கையாளரையும் நிறைவு செய்யும் இன வரையறை எதுவும் இல்லை என்று வெளிப்படையாக எழுதினார். இனங்கள் மெல்ல மெல்லப் பிரிகின்றன என்றால், பிரிந்துகொண்டிருக்கும் பாதி வழியில் அவற்றைப் பார்க்கிறவனுக்குத் தெளிவான கோடு எப்படித் தெரியும்?

1942-இல் எர்ன்ஸ்ட் மேயர் ஒரு கோடு போட்டார். இயற்கையில் தமக்குள் கூடிப் பெருகி, மற்றவற்றோடு கூடாமல் ஒதுங்கி நிற்கும் கூட்டமே இனம். பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது இதுதான். அது எங்கே தடுமாறுகிறது என்று பார்க்கக் கடையத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கடையத்தின் மேற்கே கடனா நதியும் ராமநதியும் இறங்குகின்றன. கடனா, திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேர்கிறது. இந்த ஆற்றுத் தொகுதியில் ஒரு கெண்டை உண்டு. வளர்ந்த ஆண்மீனின் முதுகுத் துடுப்புக் கதிர்கள் நூல் நூலாக நீண்டிருக்கும், உடலில் கரும்பட்டைகள். 1849-இல் ஜெர்டன், காவிரி நீர்ப்பிடிப்பிலிருந்து அருலியஸ் என்ற கெண்டையை விவரித்திருந்தார். 1954-இல் ஈ. ஜி. சைலஸ், தாமிரபரணி மீனை அதனோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் கண்டு, ஆனால் முழு இனமாக்காமல், அருலியஸின் கிளையினம் என்று வைத்தார். பெயர் தாம்ப்ரபர்ணியை. தம் கையில் இருந்த சான்றுக்கு அவர் எடுத்த முடிவு நேர்மையானது. காவிரி மீனும் தாமிரபரணி மீனும் ஒருபோதும் சந்திப்பதில்லை. அவற்றின் ஆறுகள் தனித்தனியாகக் கடல் சேர்கின்றன. சந்தித்தால் கூடுமா கூடாதா என்ற மேயரின் சோதனையை இயற்கை நடத்தவே இல்லை. தொட்டியில் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்வார்கள். தொட்டியில் கூடுவது இயற்கையில் கூடுவதற்குச் சாட்சி ஆகாது.

பிற்காலத்தில் அது தனி இனமாக உயர்த்தப்பட்டது. 2012-இல் இலங்கையின் ரோகன் பெத்தியகொடவும் சகாக்களும் பழைய பெரிய கெண்டைப் பேரினத்தைப் பல துண்டாகப் பிரித்தபோது, இந்த நூல்துடுப்புக் கூட்டம் டாகின்சியா ஆயிற்று. பரிணாமத்தைப் பொதுமக்களுக்கு எழுதிய ரிச்சர்ட் டாக்கின்ஸின் பெயர். இதே பேரினத்தின் உறவினர்கள் இலங்கை ஆறுகளிலும் இருக்கிறார்கள். கடல் மட்டம் தாழ்ந்த காலங்களில் இலங்கையும் தமிழகமும் ஒரே நிலமாக இருந்தன என்பதை நினைத்தால் அந்த உறவு விளங்கும்.

கடையத்துக்குச் சில கிலோமீட்டர் தெற்கே, ஆழ்வார்குறிச்சியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடை மீன்களை ஆண்டுக் கணக்கில் படித்த மு. அருணாசலம் பணியாற்றிய இடம் அது. 2014-இல் அவரும் சகாக்களும் தாமிரபரணியின் பெயரிலேயே இன்னொரு பெரிய கெண்டை வகையை, ஹிப்சிலோபார்பஸ் பேரினத்தில், புது இனமாக விவரித்தார்கள். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் அமெரிக்க மீனியலாளர் ரிச்சர்ட் மேடன். 1997-இல் இன வரையறைகளை எல்லாம் திரட்டி, இருபதுக்கும் மேற்பட்டவை புழக்கத்தில் உள்ளன என்று வரிசைப்படுத்திக் காட்டியவர் அவர்தான். அவருடைய வாதம் எனக்குப் பிடித்தமானது. தனி வம்சமாகப் பரிணமித்துக்கொண்டிருக்கும் கூட்டமே இனம் என்பது அடிப்படைக் கருத்து. கூடுதல், உருவம், மரபணு, வாழிடம் எல்லாம் அந்தத் தனிமையைக் கண்டுபிடிக்கும் கருவிகள். ஒரு கருவி வேலை செய்யாத இடத்தில் இன்னொன்று செய்யும்.

இந்த வேறுபாடு காகிதத்தில் மட்டும் இருப்பதல்ல. காவிரியிலிருந்து தாமிரபரணி வரை பரவிய ஓர் இனத்தின் கிளை என்று இருந்தவரை, தாமிரபரணிக் கெண்டைக்குத் தனிக் கவலை யாருக்கும் இல்லை. ஒரே ஆற்றுத் தொகுதிக்கு உரிய இனம் என்று ஆனதும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அதற்குத் தனி வரி வந்தது: அழியும் ஆபத்தில் உள்ளது. கடனாவில் 85 அடி அணை, ராமநதியில் 84 அடி அணை. கீழே திலேப்பியா நிறைந்த குளங்கள். மேல் ஓடையின் மீன்கூட்டத்துக்கும் கீழ் ஆற்றின் மீன்கூட்டத்துக்கும் நடுவே சுவர் எழுந்துவிட்டது. ஆற்றோரத்தில் பிறந்தவர்கள் இந்த மீனைத் தங்கள் ஊர்ச் சொத்தாக எண்ண வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

இனி கணவாய். தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக்குப் போகும் சாலையில் பயணித்தவர்களுக்கு அது ஒரு கணவாய் என்றே தோன்றியிருக்காது. 1904-இல் கொல்லத்துக்கு ரயில் விட வழி கொடுத்தது அந்தத் தாழ்வுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டு இடைவெளி சுமார் 40 கிலோமீட்டர் அகலம் என்றால், செங்கோட்டை இடைவெளி ஏழெட்டு கிலோமீட்டர்தான். காகம் சில நிமிடங்களில் கடந்துவிடும். ஆனால் மலையுச்சியின் குளிர்ந்த சோலைக்காடுகளில் மட்டுமே வாழும் பறவைக்கு அந்த ஏழெட்டு கிலோமீட்டர் வெயில் நிலம் கடலுக்குச் சமம். குற்றால மலை, கடையத்து மலை, அகத்தியமலை எல்லாம் கணவாய்க்குத் தெற்கே உள்ள அசம்பு மலைகள். வடக்கே ஏலமலையும் பழனி மலையும் நீலகிரியும்.

சிரிப்பான் பறவையின் கதையைப் பாருங்கள். 1839-இல் ஜெர்டன் நீலகிரிச் சிரிப்பானை விவரித்தார். 1869-இல் பிளான்ஃபோர்டு பழனி மலைச் சிரிப்பானுக்கு, அமெரிக்கப் பாதிரியார் ஃபேர்பேங்கின் பெயரை வைத்தார். அதே பிளான்ஃபோர்டு 1880-இல் தெற்கு மலைகளின் சிரிப்பானைத் தனியாக விவரித்து, தெற்கத்தியது என்ற பொருளில் மெரிடியோனாலே என்றார். 20-ஆம் நூற்றாண்டுப் பறவை நூல்கள் இந்தத் தெற்கத்தியதை வடக்கில் உள்ள ஒன்றின் கிளையினமாகக் கட்டிப்போட்டன. அந்தக் காலத்தின் போக்கு அது. மேயரின் வரையறை கோலோச்சிய நாட்களில், சந்திக்காத கூட்டங்களை ஐயம் வந்தால் ஒன்றாக்கு என்பதே வழக்கம்.

2017-இல் வி. வி. ராபினும் சகாக்களும் மரபணு, பாடல், இறகு நிறம், உடல் அளவு எல்லாவற்றையும் சேர்த்து ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இரண்டு புதிய பேரினங்களைத் தந்தது. சிரிப்பான்களுக்கு மான்டிசிங்லா, தரையை ஒட்டி வாழும் நீலமும் வெள்ளையுமான சிறு பறவைகளுக்கு ஷோலிகோலா. உலகில் வேறெங்கும் இல்லாத, மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கிளைத்த இரண்டு வம்சங்கள். தெற்கத்திச் சிரிப்பான் மீண்டும் தனி இனமானது. சிறு பறவைகளில் செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ளது, அதுவரை பெயரே இல்லாமல் வடக்கத்தியதோடு சேர்த்து எண்ணப்பட்டது, ஷோலிகோலா அசம்புவென்சிஸ் என்ற புது இனமாயிற்று. மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சிப் பக்கம் எத்தனையோ பேர் பார்த்த பறவைதான். பார்த்தவர்களின் பதிவேட்டில் அது வேறு மலையின் பெயரில் இருந்தது.

இதற்கு எதிர்ப்பும் உண்டு. இப்படியே போனால் ஒவ்வொரு குன்றுக்கும் ஓர் இனம் வந்துவிடும், எவ்வளவு வேறுபாடு இருந்தால் போதும் என்று யார் முடிவு செய்வது என்று கேட்கிறார்கள். கேள்வி சரியானது. மரபணுவில் இத்தனை சதவீதம் என்று இயற்கை எங்கும் எல்லைக்கல் நடவில்லை. ஆனால் பல்லாயிரம் தலைமுறையாக ஒன்றையொன்று காணாத கூட்டங்களை ஒரே பெயரில் மூடி வைப்பதும் ஒரு முடிவுதான். அந்த முடிவு தவறினால், தெற்குக் கூட்டம் அழிந்தபோதும் இனம் வடக்கே நலமாக இருக்கிறது என்று ஏடு சொல்லும். இந்த இரண்டு பிழைகளில் எது திருத்த முடியாதது என்று கேட்டால் என் தரப்பு தெளிவாகிவிடுகிறது.

2019-இல் இதே மாதிரி ஒன்று நடந்தது. அதுவரை ஒரே இனம் என்றிருந்த திராவிடோகெக்கோ பல்லியில் ஆறு புது இனங்கள் விவரிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று மாஞ்சோலையிலிருந்து. இன்னொன்றுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயர்.

எல்லாவற்றிலும் என்னை வியக்க வைத்தது தவளை. 2003-இல் இடுக்கியிலிருந்து பன்றிமூக்குத் தவளை வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆண்டு முழுதும் மண்ணுக்குள் கிடந்து, இனப்பெருக்கத்துக்குச் சில நாட்கள் மட்டும் மேலே வரும் ஊதா நிறத் தவளை. அதன் நெருங்கிய உறவினர்கள் செஷல்ஸ் தீவுகளில். அந்தக் குடும்பத்தில் அது ஒன்றுதான் என்று எண்ணியிருந்தார்கள். 2017-இல் நமக்கு வடக்கே, திருவில்லிபுத்தூர் மலையின் கிழக்குச் சரிவிலிருந்து இரண்டாவது இனம் விவரிக்கப்பட்டது. கோவை சாலிம் அலி மையத்தின் ஊர்வன ஆய்வாளர், 2014-இல் அகத்தியமலையில் களப்பணியின்போது விபத்தில் உயிரிழந்த எஸ். பூபதியின் பெயர் அதற்கு. முதுகெலும்பில் வேறுபாடு, குரலில் வேறுபாடு, மரபணுவில் வேறுபாடு. எல்லாவற்றையும்விட முக்கியமானது அவை கூடும் பருவம். மேற்குச் சரிவுத் தவளை தென்மேற்குப் பருவமழையில், மே முதல் ஆகஸ்ட் வரை கூடுகிறது. கிழக்குச் சரிவுத் தவளை வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

குற்றாலத்துச் சாரல் ஆனி ஆடியில் வரும், ஊர்க்குளம் நிறைவது ஐப்பசி கார்த்திகையில் என்று இப்பக்கத்துச் சிறுவருக்கும் தெரியும். ஒரு மலையின் இரண்டு பக்கம், இரண்டு மழை. ஒரு கூட்டம் மண்ணைப் பிளந்து வெளியே வந்து துணையைக் கூப்பிடும் நாளில் மற்றது மண்ணுக்குள் இருக்கிறது. இவற்றைப் பிரிக்கப் பள்ளத்தாக்கோ ஆறோ தேவைப்படவில்லை. காலமே போதுமாக இருந்திருக்கிறது. வடக்குத் தெற்காக நீண்டு இரண்டு பருவக்காற்றுகளையும் மறிக்கும் மலைத்தொடரில்தான் இது நடக்கும் என்கிறார்கள் அந்த ஆய்வாளர்கள்.

மேயர் கேட்ட ஒதுக்கம் இங்கே இருக்கிறது. ஆனால் மழை முன்பின்னாக நகரத் தொடங்கியிருக்கும் இந்த ஆண்டுகளில் இந்தத் தவளைகளின் நாள்காட்டி என்னவாகும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒவ்வோர் ஓடையிலும் பருவந்தோறும் இரவில் போய்க் கேட்கிறவர்கள் தேவை. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் கடையம் வனச்சரகத்திலும் அதற்கான ஓடைகள் உண்டு.

அடுத்த பகுதியில் பெடோம்: சென்னை மாகாண வனத்துறையின் தலைவராக இருந்துகொண்டே, திருநெல்வேலி மலைகளின் ஈரமண்ணைக் கிளறிக் கேடயவால் பாம்புகளைத் தேடியவர்.